பூ இல்லாத தாள்கள்

"பெனிட்டாவா? அவளைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. அவ பாத்துப்பா."

கதவுக்கு உள்ளேயிருந்து இந்தக் குரல் வந்தபோது, பெனிட்டா கதவைத் தட்டுவதற்காகக் கையைத் தூக்கியிருந்தாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

பேசியது அவளுடைய ஆசிரியை சந்திரமதி. தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடிக்க முடியாமல் திணறும் மாணவர்கள் யார் யார் என்று துறைத் தலைவர் கேட்டிருக்க வேண்டும்.

பெனிட்டா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். துப்பட்டா ஒழுங்காக மடித்து ஊக்கு குத்தியிருந்தது. தலை வாரியிருந்தது. அந்தத் தலையில் தண்ணீர் பட்டு எத்தனை நாள் என்று அவளுக்கே நினைவில்லை. காலையில் பல் துலக்க பிரஷை எடுத்தவள், அதைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்து, வெயில் ஜன்னலைத் தாண்டும்வரை அப்படியே இருந்தாள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியாதபடி அவள் பார்த்துக்கொண்டாள்.

தட்டினாள்.

"வா பெனிட்டா. உக்காரு."

"பரவால்ல மேடம்."

மேசைக்கு முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. மற்ற மாணவர்கள் வந்ததும் அதில் பொத்தென்று விழுவார்கள். பெனிட்டா இத்தனை நாளும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பேசியிருக்கிறாள். உட்கார்ந்தால் நேரமாகும். நேரமானால் ஏதாவது கேட்பார்கள்.

"எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"சொல்லு."

"படிப்பை நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எப்போது பார்த்தாலும் சேலைக் கரையில் நாலைந்து நாயுருவி விதைகள் ஒட்டியிருக்கும்.

"ஏன்?"

"என்னால ஒரு தாள்கூடச் சரியாப் பண்ண முடியல."

தாவரவியல் முதுகலையில் இரண்டாம் ஆண்டுக்கு அதுதான் வேலை. ஆளுக்கொரு செடிக்குடும்பம். பல்கலைக்கழகத்துக்குப் பின்னாலிருக்கும் கரட்டுக் குன்றில் அலைந்து கொம்பு வெட்டி, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டித் தரவேண்டும். அந்தத் தாள்களை வைத்துத்தான் ஆய்வேடு. பெனிட்டாவுக்குக் கிடைத்தது ஆவாரையும் அதன் சொந்தபந்தங்களும்.

மற்றவர்களில் பலர் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"ஒண்ணுமே பண்ணலையா?"

"பண்ணியிருக்கேன். ஆனா ஒவ்வொண்ணுலயும் ஏதாச்சும் ஒரு குறை இருக்கு."

"கொண்டு வா."

"மேடம், அதையெல்லாம் உங்ககிட்ட..."

"குறையோடயே கொண்டு வா."

*

கொண்டுவந்தாள்.

ஆசிரியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவசரமே இல்லை. மின்விசிறிக் காற்றில் ஓரம் தூக்கிய தாள்களை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டார்.

உண்மையில் அவை அழகாக இருந்தன. ஒவ்வொரு இலையும் விரித்து வைத்த விசிறி. ஒரு மடிப்பு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. பசை வெளியே பிதுங்கவில்லை. பெனிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும், எந்தத் தாளில் காம்பு அரைக்கால் விரல்கடை சாய்ந்திருக்கிறது, எதில் ஒரு சிற்றிலை மற்றதைவிட வெளுத்திருக்கிறது என்று. அதையெல்லாம் அவர் கண்டுபிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தாள்.

கடைசித் தாள் வந்தது.

"இதெல்லாம் என்னென்ன செடி?"

"இது ஆவாரை மேடம். இது தகரை. இது பொன்னாவரை. இது சரக்கொன்றை."

"நீ சொல்றதால தெரியுது. நீ பக்கத்துல இல்லேன்னா?"

பெனிட்டாவுக்குக் கேள்வி புரியவில்லை.

"பூ எங்க?" என்றார் ஆசிரியை.

பெனிட்டா குனிந்து பார்த்தாள். முதல் தாளுக்குப் போனாள். அடுத்தது. அதற்கடுத்தது. கட்டு முழுவதையும் புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

ஒரு பூ இல்லை. ஒரு காய் இல்லை.

பூக்கிற பருவத்தில்தான் அந்தச் செடிகளில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு வந்துவிடும். பூத்த கொம்பில் இலையெல்லாம் சல்லடை. பெனிட்டா ஓட்டை விழாத கொம்பாகத் தேடித் தேடி வெட்டியிருந்தாள். ஓட்டை விழாதது இளங்கொம்பு. இளங்கொம்பில் பூ ஏது?

பூவோ காயோ இல்லாத தாள் எதற்கும் உதவாது. அதை வைத்து அது இன்ன செடி என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இது முதலாண்டுப் பாடம். அவளே தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

மாதக்கணக்காக லென்ஸை வைத்துக்கொண்டு இந்தத் தாள்களில் குறை தேடியவள் அவள்தான். இது கண்ணில் படவே இல்லை.

இனி திட்டு விழும் என்று நின்றாள். திட்டு வாங்க அவளுக்குத் தெரியும். அதற்கு எப்படி நிற்க வேண்டும், எப்போது தலையாட்ட வேண்டும் என்பதெல்லாம் பழக்கம்.

ஆசிரியை திட்டவில்லை.

"முதல் மாசமே இதை நான் கேட்டிருக்கணும். மத்தவங்க தாளையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தேன். உன்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல."

"பரவால்ல மேடம்."

"பரவால்லயா?"

பெனிட்டா நாற்காலியின் முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இது எந்த மாதிரிக் கேள்வி என்று பிடிபடவில்லை.

*

ஆசிரியை எழுந்து அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். காய்ந்த செடிகளை வைத்திருக்கும் இரும்பு அலமாரிகள் அங்கே வரிசையாக நின்றன. பூச்சி அண்டாமல் போட்ட ரசகற்பூர வாசனை மூக்கில் ஏறியது.

ஒரு அலமாரியைத் திறந்தார். பழுப்பு உறைகளுக்கு மேலே தனியாக ஒரு சிவப்பு உறை. அதை எடுத்து மேசையில் பிரித்தார்.

உள்ளே ஒரு தாள். அதில் ஒரு செடி.

அதைச் செடி என்று சொல்லவே மனம் வரவில்லை. தண்டு நடுவில் முறிந்திருந்தது. ஒரு பக்க இலைகளில் நரம்பு மட்டும்தான் மிச்சம். தாளின் மூலையில் டம்ளர் வைத்த வட்டக் கறை. ஒரே ஒரு பூ, அதுவும் பாதி.

"இது யாரோட தாள் மேடம்? முதலாண்டுப் பசங்களா?"

"இந்தச் செடியை முதன்முதல்ல கண்டுபிடிச்சவரோடது. இந்தக் கொம்பைப் பாத்துத்தான் செடிக்குப் பேரு வெச்சாங்க. உலகத்துல யாரு எங்க இந்தச் செடியைப் பாத்தாலும், இது அதுதானான்னு சந்தேகம் வந்தா, கடைசியா இதோடதான் ஒத்துப் பாக்கணும்."

பெனிட்டா தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது கிழிஞ்சிருக்கே."

"ஆமா."

"இதைவிட நல்லது கிடைக்கலையா?"

"அப்புறம் எவ்வளவோ கிடைச்சுது. பக்கத்து அலமாரி பூரா அதுதான்."

"அப்ப இதை எடுத்துட்டு அதுல ஒண்ணை வெச்சிடலாமே?"

"வெக்க முடியாது."

"ஏன் மேடம்?"

ஆசிரியை சிவப்பு உறையை மூடினார். அலமாரியைப் பூட்டினார்.

"எனக்குப் பசிக்குது," என்றார். "நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மேடம்," என்றாள் சாப்பிடாத பெனிட்டா.

*

விடுதி அறையில் கோமதி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சங்கரன்கோவில்காரி, வணிகவியல் படிக்கிறாள். செடிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

"என்னட்டி, மேடம் என்ன சொன்னாவ?"

"ஒரு கிழிஞ்ச தாளைக் காட்டினாங்க."

"எதுக்கு?"

"தெரியல."

பெனிட்டா தாள்களைக் கட்டிலில் பரப்பினாள். கோமதி எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா வருசம் பூரா இந்தக் கூத்து? எல்லாம் ஒரே புளிய எலையால்லா இருக்கு."

"புளி இல்ல. இது நாலும் நாலு செடி."

"நீ சொல்லுத, நான் நம்புதேன்," என்று கோமதி கடலைக்குத் திரும்பினாள்.

போன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து அம்மா. தினமும் இந்த நேரத்துக்கு வரும்.

"சாப்ட்டியா பிள்ள?"

"சாப்ட்டேம்மா. புட்டு."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா. வேலை முடியப்போகுது."

"நம்ம சர்ச் சாமியார்கிட்டகூடச் சொன்னேன், எம்பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாதுன்னு."

"சரிம்மா."

போனை வைத்தாள். கோமதி ஒரு கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னைக்கு மெஸ்ல புட்டே கிடையாதுட்டி. உப்புமா."

பெனிட்டா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

அந்தக் கிழிந்த தாள் கண்ணுக்குள்ளேயே நின்றது. இப்படியும் இருக்கலாம் என்கிறாரா? அப்படியென்றால் ஏன் அதை நேராகச் சொல்லவில்லை? இல்லை, குறை இருப்பதுதான் சரி என்கிறாரா? குறை இருப்பதுதான் சரி என்றால், எவ்வளவு?

*

மறுநாள் காலையில், நெடுநாளைக்குப் பிறகு, அவள் கரட்டுக்குப் போனாள்.

மத்தியானம் ஆசிரியையின் அறைக்கு வந்தாள். கையில் ஒரு ஆவாரங்கொம்பு. நுனியில் மஞ்சளாகப் பூங்கொத்து. இலைகளில் ஓட்டை.

"இந்தாங்க மேடம்."

ஆசிரியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுந்திருந்தன. எந்த இலையும் கிழியவில்லை. ஓரங்கள் கத்தரித்த மாதிரி இருந்தன.

"இதை எப்படி எடுத்த?"

"தேடித்தான் எடுத்தேன் மேடம். காலையிலேருந்து பாத்தேன். சிலதுல ரொம்பக் கடிச்சிருந்துது. சிலதுல கடிச்சது பத்தல."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் கை ஊன்றிச் சிரித்தார்.

பெனிட்டாவும் கூடவே சிரித்தாள். அவர் நிறுத்திய பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி.

அதைப் பார்த்ததும் ஆசிரியையின் முகம் மாறியது.

"உக்காரு பெனிட்டா."

"பரவால்ல மேடம்." குரல் லேசாக உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "எனக்குக் குறையோடகூடச் சரியாக் கொண்டுவரத் தெரியல, பாத்தீங்களா?"

ஆசிரியை கொம்பை மேசையில் வைத்தார்.

"நேத்துப் பாத்தோமே ஒரு தாள். அந்தக் கொம்பை அவர் எதுக்கு வெட்டினார்?"

"பேரு வெக்கறதுக்கு."

"வெட்டும்போது அது புதுச் செடின்னே அவருக்குத் தெரியாது."

பெனிட்டா யோசித்தாள். "கிழிஞ்சிருந்ததாலயா?"

"இல்ல."

"நல்லா இருந்ததாலயும் இல்ல."

"இல்ல."

"அப்ப... அது அங்க இருந்துது. அதனாலயா?"

ஆசிரியை சேலைக் கரையிலிருந்து ஒரு நாயுருவி விதையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"எப்படியும் இது காயறதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிடும் மேடம்."

"போயிடும்."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"தெரியல."

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாதவர் போலத்தான் இருந்தார்.

"ஆனா நாளைக்கு வா," என்றார். "ஒண்ணும் இல்லேன்னாலும் வா. நீ வரலேன்னா நான் விடுதிக்கு வந்துடுவேன்."

*

பெனிட்டா ஊருக்குப் போவதென்று முடிவு செய்தாள்.

முடிவு செய்ததும் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. ஊரில் போய் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தாள். அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள். அது எதிலோ மாட்டிக்கொண்டு வந்தது. பலமாக இழுத்ததில், சணல் கயிறு போட்ட பெரிய செய்தித்தாள் கட்டு ஒன்று கூடவே தரையில் இழுபட்டு வந்தது.

"போறதுன்னா அந்தக் குப்பையையும் எடுத்துட்டுப் போயிருட்டி," என்றாள் கோமதி. சொல்லிவிட்டு சூட்கேஸைப் பார்த்தாள். "எங்க போற நீ?"

"ஊருக்கு."

"வெள்ளிக்கிழமைய வச்சுக்கிட்டா?"

பெனிட்டா கட்டைத் திரும்ப உள்ளே தள்ளப்போனாள். கயிறு இற்றுப்போயிருந்தது, அறுந்துவிட்டது. தாள்கள் தரையெல்லாம் சரிந்தன.

அவள் கழித்துப் போட்டவை. வெட்டி, அழுத்தி, காயவைத்து, லென்ஸில் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கியவை. எரிக்க மனம் வராமல் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். ஒவ்வொரு செய்தித்தாளின் ஓரத்திலும் எங்கே எப்போது வெட்டியது என்று பென்சிலில் அவள் கையெழுத்து.

கோமதி குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"ஏ, இது ஆவாரம்பூல்லா?"

பெனிட்டா திரும்பினாள்.

"எங்க அம்மா பொங்கலுக்கு இதைத்தானே வாசல்ல சொருகுவாவ." கோமதி இன்னொன்றை எடுத்தாள். "இது கொன்றை. கோயில்ல நிக்கும். இது... இது என்னன்னு தெரியல, ஆனா எங்க வயக்காட்டு வரப்புல கெடக்கும், காய் ஒல்லியா நீட்டமா இருக்கும். பாரு, இதுலயும் காய் இருக்கு."

"அது தகரை," என்றாள் பெனிட்டா. அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"இம்புட்டு இருக்கு. ஏம்ட்டி கழிச்ச?"

"புழு கடிச்சிருக்கு."

கோமதி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டைகள் வழியாக ஜன்னல் தெரிந்தது.

"ஆமா, கடிச்சிருக்கு," என்றாள். "அதுக்கு?"

பெனிட்டா தரையில் உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்தாள். ஒரு இலையின் ஓரத்தில் புழுவும் சேர்ந்து அழுந்திக் காய்ந்திருந்தது, ஒரு சின்னப் பச்சைக் கோடு. இன்னொரு தாளில் பூவின் இதழ்கள் உதிர்ந்து, காகித மடிப்பில் சேர்ந்து கிடந்தன. இதை வெட்டிய நாள் நினைவுக்கு வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஏனோ அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் அறைக்கு வந்து லென்ஸை எடுத்தாள்.

"ஊருக்குப் போறியா, இல்லையா?" என்றாள் கோமதி. "போகலேன்னா சூட்கேஸை ஓரமா வை. கால் இடிக்குது."

*

மறுநாள் ஆசிரியையின் அறைக் கதவு திறந்திருந்தது. பெனிட்டா தட்டவில்லை. உள்ளே வந்து செய்தித்தாள் கட்டை மேசைமேல் வைத்தாள். கயிறு இல்லாததால் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். தோளில் துப்பட்டாவும் இல்லை, ஊக்கும் இல்லை.

ஆசிரியை முடிச்சை அவிழ்த்தார். செய்தித்தாளைப் பிரித்தார்.

பெனிட்டா செடியின் பேரைச் சொல்லவில்லை.

"ஆவாரை," என்றார் ஆசிரியை.

அடுத்ததைப் பிரித்தார். "தகரை."

அடுத்தது. "கொன்றை."

அதற்கடுத்தது கொஞ்சம் நேரம் பிடித்தது. ஓட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து, காயைத் தொட்டுப் பார்த்தார். "இது பொன்னாவரை. இதையா இத்தனை நாள் காட்டாம வெச்சிருந்த?"

"ஆமா."

ஒரு தாளில் அவர் கை நின்றது. புழுவோடு காய்ந்த இலை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து பெனிட்டாவைப் பார்த்தார். அந்தத் தாளைப் பார்த்த மாதிரியே.

"எப்படி இருக்க?"

பதில் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பெனிட்டா போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தாள்.